எனக்குப் பாட்டு வருமா? சோதிக்கும் முறையும் முதல் மூன்று மாதப் பயிற்சியும்

புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் காலை வணக்கத்தில் பாரதிதாசன் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியவர்கள்தான். தமிழ்நாட்டில் மனோன்மணீயம் சுந்தரனாரின் பாட்டு, நம் ஊருக்கு இது. அப்படி வருடக்கணக்கில் பாடியவர்களிலேயே பலர் வளர்ந்த பிறகு "எனக்கெல்லாம் பாட்டு வராதுங்க" என்கிறார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வெளியே வரும். ஆண்டு விழாவுக்கு ஆள் எடுத்தபோது, "நீ பின்னால நின்னு வாய மட்டும் அசை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எட்டு வயதில் கேட்ட அந்தத் தீர்ப்பை நாற்பது வயதிலும் யாரும் மேல்முறையீடு செய்வதில்லை.

இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. கச்சேரிக்கு ஆள் தயாரிப்பது இதன் நோக்கம் அல்ல. ஒரு முழுப் பாட்டைச் சுருதி விலகாமல், தொண்டை நோகாமல், நாலு பேர் முன்னால் பாடி முடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் அவ்வளவுதான் இலக்கு.

பிறவியா, பயிற்சியா: தேவையான அளவு மட்டும்

இரண்டும்தான். ஆனால் எது எதைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொண்டால் வீண் கவலை பாதி குறையும்.

பிறவி தருவது கருவி. பெரியவர்களில் பெண்களின் குரல்நாண்கள் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. நீளம், ஆண்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அந்த நீளமும் தடிமனும், தொண்டை, வாய், மூக்கு அறைகளின் வடிவமும் சேர்ந்து உங்கள் குரலின் நிறத்தையும், எவ்வளவு மேலே கீழே போகலாம் என்பதையும் முடிவு செய்கின்றன. இதில் பயிற்சி ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் இரட்டையர்களைப் பாடவைத்து ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். பாடும் திறனில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 40 சதவீதம் மரபணுவைச் சேர்ந்தது என்றும், கிட்டத்தட்ட அதே அளவு வளர்ந்த வீட்டுச் சூழலைச் சேர்ந்தது என்றும் அதில் கண்டார்கள்.

சுருதியில் நிற்பது, தாளம் தவறாதிருப்பது, மூச்சைப் பங்கிடுவது, சொல்லைத் தெளிவாக விடுவது ஆகிய நான்கும் பழக்கத்தில் வருபவை. "பாட்டு வரவில்லை" என்பவர்களுக்கு வராதது பெரும்பாலும் இவற்றில் முதலாவது. காதில் சரியாகத்தான் விழுகிறது. கேட்டதைத் தொண்டை திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. பிறவியிலேயே சுரங்களைப் பிரித்தறிய முடியாத நிலை ஒன்று உண்டு. ஆனால் அது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதே அண்மைக் கணக்கு.

பிறவியும் பயிற்சியும் சேர்வதற்கு இரண்டு உதாரணங்கள். கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு (1908–2003) இயற்கை கொடுத்த சாரீரம் இனிமையானதல்ல. மூக்கொலி கலந்த முரட்டுக் குரல். அந்தக் குரலைச் சாதகத்தால் வசப்படுத்தி 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் இதற்கு நேர் எதிர். சாஸ்திரிய இசையை முறையாகக் கற்காதவர், 'சங்கராபரணம்' பாடல்களுக்குத் தேசிய விருது வாங்கினார். பிறவித் திறமைக்கு எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அந்தப் படத்தின் பாட்டுகளை இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனின் உதவியாளர் புகழேந்தியிடம் வரி வரியாகப் பாடம் கேட்டுப் பயின்றுதான் அவர் பாடினார் என்பதைச் சொல்வோர் குறைவு.

தத்துவம் போதும். போனை எடுங்கள்.

முதலில் சோதனை: அரை மணி நேரம்

தேவையானவை: தம்பூரா செயலி உள்ள ஒரு போன், பதிவு செய்ய இன்னொரு போன், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், கொஞ்சம் பொறுங்கள். விசிறியின் இரைச்சலுக்குள் ஒரு சுரம் இருக்கிறது. சிலர் தம்பூராவை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

1. காதைச் சோதியுங்கள். வீட்டில் ஒருவரைக் கீபோர்டு செயலியில் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்துத் தட்டச் சொல்லி, எது மேல் என்று திரும்பி உட்கார்ந்தபடி சொல்லுங்கள். பத்து முறை. முதலில் தள்ளித் தள்ளி இருக்கும் கட்டைகள், பிறகு பக்கத்துக் கட்டைகள். எட்டுக்கு மேல் சரியென்றால் காதில் குறையில்லை. இன்னொரு எளிய அடையாளம்: அடுத்தவர் சுருதி விலகிப் பாடினால் உங்களுக்கு முகம் சுளிக்கிறதா? சுளித்தால் நல்லது.

2. உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற ஆதார சுருதியைக் கண்டுபிடியுங்கள். பெண்கள் ஐந்து கட்டையிலும் ஆண்கள் ஒரு கட்டையிலும் சுருதியை வைத்துத் தொடங்குங்கள். 'ச'-வை நிதானமாகப் பிடித்து, கீழே மந்தர 'ப' வரை இறங்குங்கள். குரல் காற்றாகிக் காணாமல் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். பிறகு மேல் 'ச' வரை ஏறுங்கள். கத்தினால்தான் எட்டுகிறது என்றால் அரைக் கட்டை இறக்குங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் நாலரை முதல் ஆறுக்குள்ளும், ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டரைக்குள்ளும் அமையும். இந்த எல்லைக்கு வெளியே அமைந்தாலும் அது கோளாறு இல்லை.

3. பதிவு செய்யுங்கள். தம்பூராவை மெல்லிய ஒலியில் வைத்து, பதிவு செய்யும் போனை ஒரு கை தூரத்தில் வையுங்கள். 'ச', 'ப', மேல் 'ச' மூன்றையும் தலைக்கு ஐந்து விநாடி பிடியுங்கள். பிறகு சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஒரு பாட்டின் முதல் நான்கு வரி. தமிழ்த்தாய் வாழ்த்தே போதும்.

4. அதே நான்கு வரியைப் பாதி வேகத்தில் பாடிப் பதியுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். கனடாவின் மான்ட்ரியாலில் பாட்டுக் கற்காதவர்களைப் பாடவைத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகப் பாடச் சொன்னதுமே பலருடைய தவறுகள் வெகுவாகக் குறைந்தன. மெதுவாகப் பாடும்போது சரியாக வருகிறதென்றால் உங்கள் சிக்கல் சுருதி அல்ல, அவசரம்.

5. பதிவுக்குத் தேதி போட்டு வையுங்கள். அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினால் பத்துக் கைதட்டல் வரும். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் முறை தன் குரலைப் பதிவில் கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். பேசும்போது நம் குரலை எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறோம். பதிவில் அந்தக் கனம் இருக்காது. நாலு நாளில் பழகிவிடும்.

எங்கே, எப்போது பாடுவது

"விடியற்காலையில கடற்கரைக்குப் போய்ப் பாடுங்க, தொண்டை திறக்கும்" என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராதென்பதால் ஆசையும் வரும். சுருதிப் பயிற்சிக்கு அது தோதான இடமல்ல. அலைச்சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. கேட்காதபோது தானாகவே சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் கழுத்து இறுகும், 'ச' மேலே ஏறும். அரை மணியில் தொண்டை கட்டும். நடக்கப் போங்கள், காற்று வாங்குங்கள். பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறை தைரியத்துக்கு நல்லது, சோதனைக்கு ஆகாது. ஓடு பதித்த சுவர் எல்லோர் குரலையும் அழகாக்கும்.

எழுந்த உடனே பாட வேண்டாம். தூங்கி எழும்போது குரல்நாண்கள் சற்று உப்பியிருக்கும். முக்கால் மணி நேரமாவது போகட்டும், நாலு வார்த்தை பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள். காலையோ மாலையோ, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். தினம் இருபது நிமிடம் செய்பவருக்குக் கிடைப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் பாடுபவருக்குக் கிடைக்காது.

முதல் மாதம்: 'ச' மட்டும்

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் மாதம். பாட்டு வேண்டாம். முழு ஏழு சுரமும் வேண்டாம்.

1. உறிஞ்சுகுழல், 3 நிமிடம். டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவின் நுனி இரண்டு மூன்று செ.மீ. மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். உதடுகளை ஸ்ட்ராவைச் சுற்றி மூடி 'ஊ' என்று ஒலித்தபடி ஊதுங்கள். குமிழி இடைவிடாமல் ஒரே சீராக வர வேண்டும். கன்னங்கள் தளர்ந்திருக்கட்டும். பிறகு அதே 'ஊ'-வைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். குமிழி நின்று நின்று வந்தால் மூச்சு சீராக இல்லை. கொப்பளித்தால் அழுத்தம் அதிகம். காகித ஸ்ட்ரா இரண்டாம் நிமிடத்தில் ஊறிவிடும், எவர்சில்வர் ஸ்ட்ரா ஒன்று வாங்கிவிடுங்கள். உலகமெங்கும் குரல் பயிற்சியாளர்கள் இதைக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர இது பழக்குகிறது.

2. வாய் மூடி 'ம்', 3 நிமிடம். தம்பூரா ஓடட்டும். உதடு மூடியிருக்கும், உள்ளே பற்கள் தொடாது. மூக்கின் அடியிலும் மேலுதட்டிலும் கூச்சம் போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும்.

3. கேள், நில், நினை, பாடு: 8 நிமிடம். முழு அத்தியாயத்திலும் முக்கியமான படி இதுதான். நான்கு எண்ணிக்கை தம்பூராவைக் கேளுங்கள். அடுத்த நான்கு எண்ணிக்கை வாய் திறக்காமல் அந்த 'ச'-வை மனதுக்குள் ஒலிக்க விடுங்கள். பிறகு 'ஆ' என்று எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். சுருதி கேட்ட மாத்திரத்தில் பாய்ந்து பாடுகிறவர்கள்தான் கீழே விழுகிறார்கள். பிறகு தேடித் தேடி மேலே வருவார்கள், அதற்குள் சுரம் முடிந்துவிடும்.

   சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? உங்கள் 'ச'-வும் தம்பூராவின் 'ச'-வும் கொஞ்சம் விலகியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் அலை கேட்கும், 'வவவவ' என்று. நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும். சேர்ந்ததும் நின்றுவிடும், தம்பூராவின் சத்தம் திடீரென்று பெருத்தது போலிருக்கும். இதை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

4. 'ச–ப–ச', 5 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து மட்டும். தம்பூராவில் 'ப' ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள்.

குறிப்பு: ஒரு கையைக் காதின் பின்னால் குவித்துப் பிடித்தோ, ஒரு காதை விரலால் லேசாக மூடியோ பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நாட்டுப்புறப் பாடகர்கள் காதில் கை வைத்துப் பாடுவது அழகுக்காக அல்ல.

குரல் எப்போதுமே 'ச'-வுக்குக் கீழேதான் நிற்கிறது என்றால், பெரும்பாலும் மூச்சு போதாமை அல்லது தயக்கம். உட்காரும் விதத்தைப் பாருங்கள். முதுகு நிமிரட்டும், தோள்கள் தொங்கட்டும். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறினால் தவறு. விலாவும் வயிறும் விரிய வேண்டும். சத்தம் கூடக் கூடச் 'ச'-வுக்கு மேலே போகிறது என்றால் அழுத்தம் அதிகம், சத்தத்தைக் குறையுங்கள்.

இரண்டாம் மாதம்: சரளி வரிசை, ஆனால் அவசரமில்லாமல்

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கும் முறையைப் புரந்தரதாசர் ஏற்படுத்தினார் என்பது மரபு. கர்நாடக இசை கற்கும் பிள்ளைகள் எல்லோரும் இன்றும் அதிலேதான் தொடங்குகிறார்கள். அந்த ராகத்தில் ச–ரி, க–ம, ப–த, நி–ச ஒவ்வொன்றும் அரைச் சுர இடைவெளி. ரி–க, த–நி பெரிய தாவல். நெருக்கமும் தாவலும் மாறி மாறி வருவதால் தொண்டைக்கு இரண்டும் பழகும்.

1. 'ச ரி க ம' நான்கை மட்டும் ஏறி இறங்குங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு சுரம். ஒரு வாரம்.
2. 'ப த நி ச' அதே போல. இரண்டாம் வாரம்.
3. முழு முதல் சரளி. முதல் காலத்தில் (தட்டுக்கு ஒரு சுரம்) மட்டும். சுரம் சொல்லி ஒரு தடவை, 'ஆ' என்று அகாரத்தில் ஒரு தடவை.
4. நான்கு நாள் தொடர்ந்து பதிவில் பிசிறில்லாமல் வந்தால் இரண்டாம் காலம் (தட்டுக்கு இரண்டு சுரம்). மூன்றாம் காலத்துக்கு இந்த மாதம் போக வேண்டாம்.

வழக்கமான தவறு 'ரி'-யில் நேரும். சினிமாப் பாட்டிலும் கீபோர்டிலும் பழகிய காது இயல்பாகவே பெரிய 'ரி'-க்குப் போகும். பதிவைக் கேட்டால் 'ரி' கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், அதை ஈடுகட்ட 'க' கீழே இறங்கியிருக்கும். 'ச'-வை ஒட்டிக்கொண்டே 'ரி' இருக்க வேண்டும், 'க'-வுக்குத் துணிந்து தாவ வேண்டும். இது இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் சங்கராபரணத்தில் ச ரி க ம பாடிப் பாருங்கள். குரு சம்மதிக்க மாட்டார், தெரியும். வீட்டில் தனியாகத் தொடங்கும் பெரியவருக்குப் பழகிய பாதை முதலில் கிடைத்தால் நல்லது என்பது என் கட்சி. தேவாலயப் பாடற்குழுவில் சேரப் போகிறவர்களுக்கும் அதுதான் உதவும், அங்கே கீபோர்டில் வருவது பெரும்பாலும் அந்தச் சுரங்கள்.

மூன்றாம் மாதம்: ஒரே ஒரு பாட்டு

பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தவர். குயில் பாட்டுக்குக் களமான தோப்பு முத்தியால்பேட்டைப் பக்கம். 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், பொருள் தெரியாத பிற மொழிப் பாட்டுகளையே தமிழ்ச் சபைகளில் திரும்பத் திரும்பப் பாடுவது நியாயமில்லை என்று வித்துவான்களைக் கடிந்துகொண்டார். உங்களுக்கும் அதே அறிவுரை. அர்த்தம் தெரிந்த, வரி மறக்காத பாட்டை எடுங்கள். பொருள் தெரிந்தால் எங்கே மூச்சு விடலாம் என்பது தானே தெரியும்.

1. மேல் 'ச'-வுக்கு மேலே அதிகம் போகாத பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். யேசுதாஸின் உச்சஸ்தாயிப் பாட்டில் தொடங்காதீர்கள்.
2. மூலப் பாட்டின் சுருதியில் பாட வேண்டியதில்லை. உங்கள் கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெண் பாடிய பாட்டை ஆண் அப்படியே பாட முயன்று கழுத்து நரம்பு புடைக்க நிற்பதைக் கல்யாண மேடைகளில் பார்த்திருப்பீர்கள்.
3. வரிகளைத் தாளில் எழுதி, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு சொல்லை நடுவில் உடைக்கும் கோடு இருந்தால் இடம் மாற்றுங்கள்.
4. சொல் இல்லாமல் மெட்டை மட்டும் 'லா' என்று பாடுங்கள். பிறகு சொல்லை மட்டும் தாளத்தோடு பேசுங்கள். இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகு சேருங்கள்.
5. பாதி வேகத்தில் ஒரு வாரம், பிறகு முக்கால் வேகம், கடைசி வாரம் முழு வேகம்.
6. தம்பூராவோடு மட்டும் பாடிப் பதியுங்கள். மூலப் பாட்டோடு சேர்ந்து பாடிய பதிவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கடைசிப் படிக்குக் காரணம் உண்டு. காதில் இயர்போன் மாட்டி எஸ்.பி.பி.யோடு சேர்ந்து பாடும்போது, உங்கள் காதில் விழுவது எஸ்.பி.பி. எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பக்கத்து அறையில் இருப்பவருக்குத்தான் உண்மை தெரியும். கரோக்கி செயலிகளில் சில, விலகிய சுரத்தைத் தானே நேராக்கிப் பதிவு செய்யும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

தொண்டைப் பாதுகாப்பு: இதை மட்டும் தவறவிடாதீர்கள்

ஐந்து கட்டையில் ஒரு பெண் 'ச' பிடித்தால் குரல்நாண்கள் விநாடிக்கு 196 முறை மோதிப் பிரிகின்றன. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு 131 முறை. கணக்குப் போட்டால் இருபது நிமிடத்தில் லட்சக்கணக்கில் வரும். அழுத்திப் பாடினால் அத்தனை மோதலும் பலமாக விழும்.

- வலித்தால் நிறுத்துங்கள். தொண்டையில் வலி என்பது பயிற்சியின் பகுதி அல்ல. சோர்வு வரலாம், வலி வரக்கூடாது.
- பாடி முடித்த மறுநாள் காலையிலும் குரல் கரகரத்தால், முந்தின நாள் அளவு மீறிவிட்டது. அன்று ஓய்வு.
- பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் போய்விட்டால் அந்த நொடியே நிறுத்திப் பேச்சையும் குறையுங்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். 'கொஞ்சம் கத்திப் பார்த்தா வந்துடும்' என்பது ஆபத்து.
- குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். புகை பிடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எச்சிலில் ரத்தம், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் இருந்தால் அன்றைக்கே. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, நகருக்குள் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது.
- நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மருந்துக்கடையில் கேட்டு 'தொண்டைக்கு ஒரு மாத்திரை' போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கம்மல் மறைந்தது போலிருக்கும், உள்ளே காயம் பெரிதாகும்.
- தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள். குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வு அல்ல; அதற்கும் குரல்நாண்கள் இறுகத்தான் செய்யும்.
- மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம்: இதமாக இருந்தால் சாப்பிடுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண் மேல் படாது, அது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்நாணுக்கு உதவுவது நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வியர்வைக்குக் கூடுதலாகவே வேண்டும்.
- இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பவர்களுக்குக் காலையில் குரல் கனத்திருக்கும். வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள்.

குரல் உடையும் பருவத்துப் பையன்களுக்குத் தனியே ஒரு சொல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு வருடத்தில் கட்டை இறங்கிவிடும். அந்த நாட்களில் பழைய கட்டையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். குறைவாகப் பாடட்டும், நிறையக் கேட்கட்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் குரல் சற்று இறங்கும். அரைக் கட்டை குறைத்துக்கொண்டால் தீர்ந்தது. பாட்டை நிறுத்தத் தேவையில்லை.

ஆசிரியரைத் தேடும்போது

மூன்று மாதத்துக்கு மேல் போக ஆசிரியர் வேண்டும். பட்டப்படிப்பாகவே படிக்க நினைக்கும் இளைஞர்களுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. சிறுவர்களுக்கு ஜவகர் சிறுவர் இல்லம். மேற்கத்திய முறையில் குழுவாகப் பாட ஆரோவில் பக்கம் விசாரிக்கலாம். வேலைக்குப் போகும் பெரியவர்கள் பெரும்பாலும் தெருவுக்குத் தெரு இருக்கும் வீட்டு வகுப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்று: மாணவரின் கட்டைக்கு ஆசிரியர் சுருதியை மாற்றுகிறாரா, தன் கட்டையிலேயே எல்லோரையும் இழுக்கிறாரா? பத்துப் பேரை ஒரே கட்டையில் பாடவைக்கும் வகுப்பில் மூன்று பேருக்கு அது பொருந்தும், மீதிப் பேர் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். முதல் நாளிலேயே "குரல்வளம் இல்லையே" என்று சொல்கிறவரிடம் இரண்டாம் நாள் போக வேண்டாம். இணையவழி வகுப்பில் ஒலி தாமதமாக வரும், அதனால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் ஒரு வரி, நீங்கள் ஒரு வரி என்று மாற்றி மாற்றித்தான் முடியும். தொடக்கத்துக்கு நேர் வகுப்பே மேல்.

நாலு பேர் முன்னால்

மூன்று மாதம் முடிந்ததும் முதல் நாள் பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ச' நிற்கிறது, ஆனால் பாட்டில் விலகுகிறது என்றால் மூன்றாம் மாதத்தை இன்னொரு எளிய பாட்டோடு திருப்பிச் செய்யுங்கள். 'ச'-வே நிற்கவில்லை என்றால், கட்டையை மாற்றி முதல் மாதத்துக்குப் போங்கள். காதுச் சோதனையிலும் தொடர்ந்து தவறியிருந்தால், பாட்டை விட்டுத் தாளக் கருவி ஏதாவது பிடிப்பது உத்தமம். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்.

பதிவு திருப்தியாக இருந்தால் ஒரு கூட்டத்தில் சேருங்கள். மார்கழி பஜனை, சம்பா கோவில் அல்லது கப்ஸ் கோவில் பாடற்குழு, அலுவலக விழா, எதுவும் சரி. ஜூன் 21-ஐ ஒட்டி அலியான்ஸ் பிரான்சேஸ் முன்னின்று நடத்தும் இசைத் திருவிழாவைப் போய்ப் பாருங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய பழக்கம் அது. தொழில்முறைப் பாடகர்களுக்கு நடுவே பொழுதுபோக்குப் பாடகர்களும் கூச்சமில்லாமல் மேடையேறுவார்கள்.

கூட்டத்தில் நிற்கும் இடம் முக்கியம். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், கடற்கரையில் நேரும் அதே கத்தல் இங்கேயும் நேரும். உங்கள் கட்டைக்கு ஒத்த, சுருதி அசையாத ஒருவரின் இடப்பக்கமோ வலப்பக்கமோ நின்று, அவரைவிடக் கொஞ்சம் குறைந்த சத்தத்தில் பாடுங்கள். ஆணும் பெண்ணும் கலந்த பஜனையில் நடுவாக ஒரு கட்டையை வைப்பார்கள், அது இரு தரப்புக்கும் முழுதாகப் பொருந்தாது. உங்களுக்கு எட்டாத வரி வரும்போது கீழ்ஸ்தாயியில் பாடுங்கள், அல்லது அந்த ஒரு வரி தாளம் மட்டும் போடுங்கள்.